பிளைவுட் பலகைக்குப் பின்னால் ஒரு லேசர்

நான் முனைவர் பட்டம் வாங்கியது லேசரால் இயங்கும் சுவிட்சுகளில். இதைத் தர்மபுரியில் யாரிடம் சொன்னாலும் முதலில் சிறுநீரகக் கல்லைப் பற்றித்தான் கேட்பார்கள். அடுத்தது மூக்குக் கண்ணாடி. அதற்கும் அடுத்தது முகத்தில் இருக்கிற மரு. என் மாமனார் பெண் கொடுப்பதற்கு முன்பு என்னைத் தனியே அழைத்துப்போய், அவருடைய வலது கண்ணுக்கு லேசர் தாங்குமா என்று விசாரித்தார். நான் அந்த மாதிரி டாக்டர் இல்லை என்றேன். நிச்சயதார்த்தம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. மாதம் சரியில்லை என்று காரணம் சொன்னார்கள்.

விஷயம் ஒன்றும் அவ்வளவு கஷ்டமானதில்லை. மின்சாரத்தைப் பெரிய மின்தேக்கிகளில் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்து, கண் இமைப்பதற்குள் மொத்தத்தையும் ஒரே அடியாக வெளியே விடுவது ஒரு துறை. அப்படி விடுவதற்குச் சுவிட்ச் வேண்டும். ஃபேன் போடுகிற சுவிட்ச் அந்த அடியில் உருகி ஓடிவிடும். அதனால் இரண்டு உலோக உருண்டைகளைக் கொஞ்சம் இடைவெளி விட்டு எதிரெதிரே நிறுத்துவார்கள். நடுவிலிருக்கும் காற்று மின்சாரத்தைத் தடுத்து வைத்திருக்கும். வேண்டிய நேரத்தில் ஒரு லேசர் துடிப்பை அந்த இடைவெளியில் குவித்தால் காற்று உடைந்து வழிவிடும். டமார் என்று பாயும். கம்பி கிடையாது, கை படுவது கிடையாது. எத்தனை முறை அடித்தாலும் நேரம் பிசகாது. பிசகுகிற அந்தச் சின்ன அளவுக்கு ஜிட்டர் என்று பெயர். என் ஆறு வருடமும் அந்த ஜிட்டரைக் குறைப்பதில்தான் போனது. குறைத்தேன். யாரும் கேட்கவில்லை.

இந்த வேலை தெரிந்தவர்கள் தேவைப்படுகிற இடங்களை நாட்டில் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு விரலிலும் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு நேர்காணலுக்குப் போய்விட்டு, நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் இருந்த தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். முதலாண்டு மாணவர்களுக்கு அடிப்படை மின்னியல் நடத்தினேன். கூடவே கல்லூரிப் பேருந்துகளுக்கும் பொறுப்பாளர். பிளஸ் டூ முடிவு வருகிற சமயத்தில் ஆள் பிடிக்கவும் அனுப்புவார்கள். பாலக்கோடு தக்காளி மண்டியில், கூடை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் எங்கள் மின்னியல் துறையின் அருமை பெருமைகளைக் கால் மணி நேரம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் வீட்டில் இனிச் சேர்க்க இருப்பது இரண்டு ஆடுகள்தான் என்றார். பையனைப் பற்றிக் கேட்கிறேன் என்று விளக்கினேன். பையன் சென்ற வருடமே எங்கள் கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் மாதமே நின்றுவிட்டானாம்.

அப்படி நான்கு வருடம் ஓடியபிறகுதான் தரச்சான்று ஆய்வுக் குழு வரப்போகிறது என்று கடிதம் வந்தது. கல்லூரியே தலைகீழானது. மரங்களுக்கு வெள்ளையடித்தார்கள். நூலகத்துக்குப் புத்தகம் வந்தது. ஒவ்வொரு துறையும் தன் தனிச்சிறப்பு என்ன என்று எழுதித் தரவேண்டும் என்று முதல்வர் சொன்னார். எங்கள் துறையின் தனிச்சிறப்பு, மூன்று மின்விசிறியில் ஒன்று ஓடுவது. முதல்வர் எங்கள் தன்விவரக் கோப்புகளைப் புரட்டியபோது என் ஆய்வுத் தலைப்பு அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அன்று மத்தியானமே தாளாளர் கூப்பிட்டனுப்பினார்.

தாளாளர் போர்வெல் வண்டிகள் வைத்து மேலே வந்தவர். பூமிக்குள் ஆயிரம் அடி இறங்கி அனுபவப்பட்டவர் என்பதால், பூமிக்கு மேலே நடக்கிற எதுவும் அவரை மலைக்கவைத்ததில்லை. என் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏங்க சார், இவ்ளோ பெரிய லேசரு ஆள கையில வெச்சுகிட்டு பஸ்ஸ பாத்துக்கச் சொல்லிருக்கோமே” என்று முதல்வரைப் பார்த்து வருத்தப்பட்டார். இத்தனை வருடத்தில் எனக்காக ஒருவர் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை. லேசர் சுவிட்ச் ஆய்வு மையம் என்று ஒன்று ஆரம்பிக்கச் சொன்னார். இரண்டு மாதம் அவகாசம். பேருந்துப் பொறுப்பையும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். அதுபாட்டுக்கு அது இருக்கட்டும் என்றார்.

ராத்திரி உட்கார்ந்து பட்டியல் போட்டேன். துடிப்பு லேசர், குவிக்கும் கண்ணாடிகள், வாயுக்கலம், வேகமான ஆசிலாஸ்கோப். தாளாளர் லேசரின் விலையைப் பார்த்துவிட்டு, பட்டியலைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஏதாவது மலிவாக இருக்கிறதா என்று பார்த்தார். லேசரைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், மற்றதை இருப்பதை வைத்துச் செய்யும்படியும் சொன்னார்.

இருப்பது என்றால் எங்கள் லேப் டெக்னீஷியன். மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் மாறி வருகிற பெண். என் வயதுதான் இருக்கும். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்து, பல வருடம் மோட்டார் காயில் கட்டிவிட்டு இங்கே வந்தவர். அதிகம் பேசமாட்டார். நான் கரும்பலகையில் ஒரு சர்க்யூட்டை வரைந்தால், அது ஓடுமா ஓடாதா என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலும் ஓடாது.

கிட்டங்கியில் தூசி படிந்து கிடந்த உயரழுத்த டிரான்ஸ்பார்மரையும் மின்தேக்கிகளையும் அவர்தான் துடைத்துச் சோதித்தார். உலோக உருண்டைக்கு நான் வெளியூரில் கடை தேடிக்கொண்டிருந்தபோது, மாடிப்படிக் கைப்பிடியில் வைக்கிற ஸ்டீல் உருண்டை இரண்டைத் தர்மபுரியிலிருந்து வாங்கிவந்து மேசையில் வைத்தார். என் ஆய்வுக் காலத்தில் இப்படி உருண்டைக்காக ஏழு மாதம் காத்திருந்திருக்கிறேன். மூன்றாவது வாரம் எங்கள் கருவி முதல் பொறியை அடித்தது. நினைத்தபோது அடிக்காது, அதற்கு இஷ்டம் வந்தால் அடிக்கும். அதை நினைத்த நேரத்தில் அடிக்கவைக்கத்தானே லேசர்.

தாளாளர் லேசரைக் காரிலேயே கொண்டுவந்தார். கறுப்புப் பெட்டி. பக்கவாட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் பெயரைச் சுரண்டி எடுத்த தடம். சுவிட்சைப் போட்டதும் சுவரில் பச்சை நிறத்தில் இரண்டு இதயம் வந்து ஒன்றையொன்று சுற்றியது. பிறகு புறா. பிறகு மணமக்களுக்கு வாழ்த்து.

நான் பொறுமையாக விளக்கினேன். இது விடாமல் எரிகிற லேசர். காற்றை உடைக்கிற அளவுக்கு இதில் வேகம் இல்லை. எனக்கு வேண்டியது ஒரு கணத்தில் மொத்த பலத்தையும் கொட்டுகிற வேறு வகை. தாளாளர் பச்சை வெளிச்சத்தை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “லேசருதானுங்களே?” என்றார். லேசர்தான் என்று ஒப்புக்கொண்டேன். “அப்பறம் என்னங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதல்வர் பின்தங்கி நின்று, எப்படியாவது அட்ஜஸ்ட் செய்துகொள்ளும்படி கேட்டுக்கொண்டார். அவர் முனைவர் பட்டம் இயற்பியலில். அந்த லேசரால் காற்று உடையாது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்த நான்கு நாள் அந்தக் கல்யாண லேசரைக் கண்ணாடி வைத்துக் குவித்து, உருண்டைக்கு நடுவே விட்டுப் பார்த்தேன். புறா சின்னதானதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் டெக்னீஷியன் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே வீட்டுக்காரருடைய பழைய மொபெட்டின் ஸ்பார்க் பிளக்கும், அடுப்புப் பற்றவைக்கிற லைட்டரும் இருந்தன. பூமியோடு இணைத்த உருண்டையில் துளை போட்டு ஸ்பார்க் பிளக்கைச் செருகினார். லைட்டரிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து அதில் கொடுத்தார். மின்தேக்கி நிறைந்ததும் லைட்டரை ஒரு தட்டு. உள்ளே சின்னப் பொறி. அதைப் பிடித்துக்கொண்டு பெரிய பொறி. டமார்.

பத்து முறை தட்டினார். பத்து முறையும் அடித்தது. ஒவ்வொரு முறைக்குப் பிறகும் மறக்காமல் எர்த் கம்பியைத் தொட்டு மிச்ச மின்சாரத்தை இறக்கினார்.

இதுவும் புத்தகத்தில் இருக்கிற முறைதான். லேசர் வருவதற்கு முன்பு எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள். என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில், காலாவதியான முறை என்று இரண்டே வரியில் இதை ஒதுக்கியிருக்கிறேன். “நல்லாருக்கு” என்றேன் அவரிடம். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“இத இப்படியே காட்டிரலாங்களே சார்” என்றார் அவர்.

காட்டியிருக்கலாம். ஆனால் அதற்குள் வாசலில் லேசர் ஆய்வு மையம் என்று பலகை மாட்டியாயிற்று. கோப்பில் நாற்பது பக்கம் எழுதியாயிற்று. எழுதியவன் நான். முதல்வரிடம் கலந்து பேசினேன். மேசைக்குப் பின்னால் ஒரு பிளைவுட் பலகையை நிறுத்துவது, ஒயரை அதன் வழியாகப் பின்னால் கொண்டுபோவது, லைட்டரோடு டெக்னீஷியன் அங்கே நிற்பது, முன்னால் பச்சை லேசர் உருண்டை மேல் விழுவது, நான் “ஃபயர்” என்று சொன்னதும் அவர் தட்டுவது என்று முடிவானது. டெக்னீஷியனிடம் நான்தான் சொன்னேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உட்கார ஸ்டூல் உண்டா என்று மட்டும் கேட்டார்.

குழுவில் மூன்று பேர். இரண்டு பேருக்குக் கோப்புகளிலும் மத்தியானச் சாப்பாட்டிலும்தான் அக்கறை. மூன்றாவதாகக் காரிலிருந்து இறங்கிய அம்மாளை நான் படத்தில் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பேராசிரியர், உயரழுத்த மின்சாரத்தில் பெரிய கை. குட்டையான உருவம், தோளில் துணிப்பை. என் ஆய்வேட்டில் அவருடைய கட்டுரைகளைப் பதினொரு இடத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். அவற்றில் நான் முழுதாகப் படித்தது ஆறு.

அவரைத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் மூவரையும் ஆய்வகத்துக்கு அழைத்துப்போனேன். விளக்கை அணைத்தோம். பச்சைக் கோடு ஒன்று புகை மாதிரி நீண்டு ஸ்டீல் உருண்டையைத் தொட்டது. பார்க்க நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. நான் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, “ஃபயர்” என்றேன். டமார். மற்ற இரண்டு பேரும் துள்ளிக் குதித்துவிட்டுக் கைதட்டினார்கள். தாளாளர் அவர்களை விடப் பலமாகத் தட்டினார்.

அந்த அம்மாள் தட்டவில்லை. ஜிட்டர் எவ்வளவு என்று கேட்டார். அளந்துகொண்டிருக்கிறோம் என்றேன். இந்த லேசர் என்ன வகை, துடிப்பின் அகலம் என்ன என்றார். அதையும் அளந்துகொண்டிருக்கிறோம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு துணிப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, லேசருக்கும் உருண்டைக்கும் நடுவில் சாதாரணமாக நீட்டினார். பச்சைப் புள்ளி குறிப்பேட்டின் அட்டையில் விழுந்து நின்றது.

“இன்னொரு முறை பண்ணுங்க” என்றார்.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. வெளிச்சம் மறைந்திருக்கிறது. இப்போது பொறி வரக்கூடாது. நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், டெக்னீஷியன் தட்டமாட்டார், லேசரை மறைத்தால் சுவிட்ச் வேலைசெய்யாது என்பது நிரூபணமாகிவிடும். ஒரு வார்த்தை சொல்லாமல் என் பொய்யை விஞ்ஞானமாக்கிவிடலாம். மின்தேக்கி நிறைந்து மெல்ல முனகிக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை. நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒருவிதச் சந்தோஷத்தோடுதான் சொல்லாமல் நின்றேன். “பாருங்க மேடம், மறைச்சா அடிக்காது” என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

“அப்படியா? ஃபயர்” என்றார் அவர்.

டமார்.

தாளாளர் மட்டும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார். அம்மாள் குறிப்பேட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு பலகைக்குப் பின்னால் போனார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் லைட்டரும் கையுமாக எழுந்து நின்றார். அவர் முகத்தில் பயமே இல்லை.

“வணக்கங்க” என்றார்.

அடுத்த இருபது நிமிடம் அந்த ஆய்வகத்தில் நான் இல்லாத மாதிரிதான். பிளக்கின் முனையை எவ்வளவு உள்ளே வைத்தாய், ஏன் பூமிப் பக்கத்து உருண்டையில் வைத்தாய், லைட்டர் பக்கம் ஷாக் வராமல் என்ன செய்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் பேராசிரியர். டெக்னீஷியன் உட்கார்ந்து, உருண்டையைக் கழற்றி, கையில் கொடுத்துக் காட்டினார். நான் அவர் பேசி அவ்வளவு கேட்டதே இல்லை. ஃபயர் என்று கேட்ட அரை விநாடிக்குள் தட்ட முடிகிறதா என்று அம்மாள் கேட்டதற்கு, “முன்ன லேட்டாவுங்க. பழகப் பழகக் கொறஞ்சுருச்சு” என்றார். அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். என் ஆறு வருட ஜிட்டர் எனக்குள் எங்கேயோ சுருக்கென்றது. பொறாமைதான், வேறொன்றுமில்லை.

வெளியே வரும்போது அவர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். “உங்க தீசிஸை நான்தான் வால்யூ பண்ணேன். நல்லா இருந்துச்சு.” அதற்கு அவர் என்னை நான்கு திட்டு திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு டெக்னீஷியனிடம் கேட்டேன். குரல் வேறு என்று தெரியவில்லையா? “தெரிஞ்சுதுங்க சார்” என்றார். எர்த் கம்பியைச் சுருட்டிக்கொண்டே, “அவங்களும் ஃபயருன்னுதானே சொன்னாங்க. நான் பண்ணுன சாமான் நல்லாத்தானே ஓடுது. அத எதுக்குங்க நான் ஒளிஞ்சு நின்னு ஓட்டறது?” என்றார்.

வேலை போய்விடும் என்று பதினைந்து நாள் காத்திருந்தேன். அறிக்கை வந்தது. மின்னியல் துறைக்கு நல்ல மதிப்பெண். ஒரு பத்தியில் அந்த அம்மாள் தெளிவாக எழுதியிருந்தார்: ஆய்வகத்தில் லேசரால் இயங்கும் சுவிட்ச் எதுவும் இல்லை, ஸ்பார்க் பிளக்கும் சமையலறை லைட்டரும் கொண்டு செய்த எளிய சுவிட்ச் இருக்கிறது, அது சிறப்பாக வேலைசெய்கிறது, அதைச் செய்த டெக்னீஷியனைப் பயிற்றுநராக உயர்த்த வேண்டும். இதற்கு மேல் யாரும் எதையும் போட்டு உடைக்க முடியாது. முதல்வர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்த மொத்த மதிப்பெண்ணை மட்டும் நகலெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பத்து நாளில் தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய பேனர் வந்தது. லேசர் சுவிட்ச் ஆய்வு மையம் உள்ள கல்லூரி. நடுவில் நான், கோட்டுப் போட்டு. என் நெற்றியிலிருந்து ஒரு பச்சைக் கதிர் கிளம்பி போன் நம்பர் மேல் விழுந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே தாளாளரிடம் போனேன். நாம் காட்டியது லேசர் சுவிட்ச் இல்லை, அடுப்பு லைட்டர், அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது, பேனரை எடுத்துவிட வேண்டும், டெக்னீஷியனுக்குப் பதவி உயர்வு தரவேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பெரிய உண்மையைச் சொல்லப்போகிறவன் மாதிரி சட்டைப் பொத்தானையெல்லாம் சரிபார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

“தெரியுங்க சார்” என்றார் அவர். “அந்த லைட்ட மண்டபத்துல இருந்து கழட்டிட்டு வந்ததே நான்தானுங்களே.”

பேனர் மார்கழி வரை ஒப்பந்தமாம். ஐ.டி.ஐ. படித்தவரைப் பயிற்றுநர் ஆக்க விதி இடம் கொடுக்காதாம். விதி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது எனக்கு அதுதான் முதல் முறை. பேச்சை முடித்துவிட்டு, பென்னாகரம் பேருந்து தினமும் கால் மணி நேரம் தாமதமாக வருகிறது, கவனியுங்கள் என்றார். நான் சரிங்க என்று வெளியே வந்தேன். ராஜினாமா செய்தேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. பென்னாகரம் பேருந்தை விசாரிக்கப் போனேன்.

டெக்னீஷியனிடம் விஷயத்தைச் சொன்னேன். மாதம் முடிந்ததும் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து, இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ராஜினாமாக் கடிதம். ஓசூரில் டிரான்ஸ்பார்மர் செய்கிற கம்பெனியில், சோதனைப் பிரிவில் வேலை. யார் சொல்லி, எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். பேப்பரில் பார்த்துத் தானே போனதாகவும், மொபைலில் எடுத்து வைத்திருந்த பொறியின் வீடியோவைக் காட்டியதாகவும் சொன்னார். கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. திருத்திக்கொடுத்தேன். அந்தக் கல்லூரியில் நான் செய்த உருப்படியான ஆராய்ச்சி உதவி அது ஒன்றுதான்.

போன மாதம் போன் செய்தார். குடும்பத்தோடு ஓசூரிலேயே வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னார். அங்கே செயற்கை இடி அடித்து டிரான்ஸ்பார்மரைச் சோதிக்கிறார்களாம். அந்த மேடையில் இவர்தான் நிற்கிறாராம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர்கள் நின்று பார்ப்பார்களாம். ஒவ்வொரு சோதனைத் தாளிலும் இவர் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகுமாம். பெருமை அடிக்கிற குரல் இல்லை. பஸ் கிடைத்தது, உட்கார இடம் கிடைத்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

பேச்சோடு பேச்சாக, விளையாட்டுக்குக் கேட்பது போல, எனக்கு ஏதாவது இடம் இருக்குமா என்று கேட்டுவைத்தேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். மறந்துவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, மத்தியான இடைவேளையில் கூப்பிட்டார். பின்னால் ஏதோ பெரிய இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

“கேட்டேங்க சார். டாக்டரேட்டு முடிச்சவங்கன்னு சொன்னேன். அப்டின்னா வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, “நீங்க மனசுல வெச்சுக்காதீங்க” என்றார்.